பெங்களூரில் பள்ளி தேடும் குடும்பத்துக்கு: ஆலோசகருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

கோயம்புத்தூரிலிருந்து அடுத்த மே மாதம் பெங்களூருக்குக் குடிவருகிறீர்கள். கணவருக்கு ஒயிட்ஃபீல்டில் வேலை. மகள் சிபிஎஸ்இ பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், டாக்டராக வேண்டும் என்கிறாள். மகனுக்கு ஐந்து வயது, பேச்சு சற்றுத் தாமதமாக வந்த பிள்ளை. இருவரையும் சர்வதேசப் பள்ளியில் சேர்க்க நினைக்கிறீர்கள். ஓர் ஆலோசகர் 60,000 ரூபாய் கேட்கிறார். இன்னொருவர் காசே வேண்டாம் என்கிறார். பையனின் பேச்சுத் தாமதத்தைப் பள்ளியில் வாய்திறக்காதீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். யாரை நம்புவது, ஆலோசகர் தேவைதானா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இந்த ஊரில் இரண்டு பள்ளிகளின் சேர்க்கை அலுவலகத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தவள் நான். மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்த்தவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

காசு வேண்டாம் என்பவரை இன்றே விட்டுவிடுங்கள். அவருக்குப் பணம் வருகிறது, பள்ளியிடமிருந்து வருகிறது. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டில், பிள்ளையின் பெயருக்கும் வகுப்புக்கும் பக்கத்தில் 'யார் மூலம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்தில் ஆலோசகரின் பெயர் இருந்தால், பெற்றோர் முதல் தவணை கட்டிய பிறகு அவருக்கு ஒரு தொகை போகும். கூடுதலாகக் கொடுக்கும் பள்ளிக்குக் கூடுதலான பிள்ளைகள் வந்தார்கள். அவர்களில் சிலர் அடுத்த ஆண்டே டிசி கேட்டு என் மேசை முன் நின்றார்கள். கேட்க வந்த தாய்மாரின் முகம் இப்போதும் எனக்கு மறக்கவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்பிய கை என்னுடையது என்பதால்தான் முதலில் இதை எழுதுகிறேன்.

60,000 கேட்பவர் அதனாலேயே நல்லவர் என்று சொல்ல மாட்டேன். இரு பக்கமும் வாங்குகிறவர்கள் உண்டு. 'எந்தப் பள்ளியிடமிருந்தும் கமிஷன் வாங்குவதில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தருவாரா என்று கேளுங்கள். உங்கள் மகனையும் மகளையும் நேரில் பார்க்காமல், பழைய ரேங்க் கார்டுகளைப் புரட்டிப் பார்க்காமல், முதல் சந்திப்பிலேயே பள்ளிப் பட்டியலை நீட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். 'அந்தப் பள்ளியில் எனக்கு ஆள் இருக்கிறது, கொஞ்சம் கொடுத்தால் சீட் நிச்சயம்' என்று சொன்னாலும் அப்படியே. கல்வி உரிமைச் சட்டம், 2009, அதன் 13ஆம் பிரிவில், பள்ளி அறிவித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை என்ற பெயரில் வாங்குவதைப் பள்ளிக்கு மட்டுமல்லாமல் எந்த நபருக்கும் தடை செய்கிறது. வாங்கினால் வாங்கிய தொகையைப் போலப் பத்து மடங்கு வரை அபராதம்.

இனி பையனைப் பற்றி. உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த ஒரு வரிதான்.

மறைக்காதீர்கள். மறைத்துச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று நான் பார்த்திருக்கிறேன். ஜூன் மாதம் பிள்ளை வகுப்பில் உட்காருகிறான். ஆசிரியை கேட்பதற்கு அவன் பதில் சொல்லச் சற்று நேரம் பிடிக்கிறது. அவருக்குக் காரணம் தெரியாது. பிடிவாதக்காரன் என்றோ கவனமில்லாதவன் என்றோ எழுதி வைக்கிறார். ஆகஸ்டில் உங்களைக் கூப்பிடுகிறார்கள். அதற்குள் அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறப்பதையே நிறுத்தியிருப்பான். அவன் தேறி வர இன்னொரு ஆண்டு ஆகும். முன்பே சொல்லியிருந்தால் அதே ஆசிரியை ஐந்து விநாடி பொறுத்திருப்பார். அவ்வளவுதான் அவனுக்குத் தேவைப்பட்டிருக்கும்.

சொல்லிவிட்டால் சேர்க்க மாட்டார்களே என்று பயப்படுகிறீர்கள். சில பள்ளிகள் தட்டிக்கழிக்கும், உண்மைதான். அப்படித் தட்டிக்கழிக்கும் பள்ளி, சேர்ந்த பிறகு உங்கள் பிள்ளையை என்ன செய்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அதை ஒரு விண்ணப்பக் கட்டணத்தோடு தெரிந்துகொண்டால் இலாபம்தான்.

இப்போதே ஒரு பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டி எழுத்தில் அறிக்கை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூரிலேயே கிடைக்கும். இங்கே வந்த பிறகு வேண்டுமானால் நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் மருத்துவமனை இருக்கிறது. மைசூரில் 1965இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, கேட்புத் திறன் நிறுவனமும் இருக்கிறது. அந்தத் துறையில் நாட்டிலேயே பெயர் பெற்ற இடம் அது. பள்ளிக்குப் போகும்போது, 'எல்லாப் பிள்ளைகளையும் அரவணைக்கிறோம்' என்று சுவரில் எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். சிறப்புக் கல்வியாளர்கள் எத்தனை பேர் முழுநேர ஊழியர்களாக இருக்கிறார்கள், எந்த வகுப்பு வரை பார்க்கிறார்கள், அதற்குத் தனிக் கட்டணமா, துணை ஆசிரியர் வேண்டும் என்றால் சம்பளம் யார் தலையில் என்று கேளுங்கள். அவர்களில் ஒருவரை ஐந்து நிமிடம் பார்க்க வேண்டும் என்றும் கேளுங்கள். உட்கார வைத்துப் பேச அனுமதிக்கிற பள்ளி எனக்குப் பிடிக்கும்.

வயதும் ஒரு செய்தி. கர்நாடகத்தில் ஒன்றாம் வகுப்புக்கு ஜூன் 1ஆம் தேதியன்று ஆறு வயது நிறைய வேண்டும் என்பது அரசு வகுத்திருக்கும் அளவு. மகனின் பிறந்தநாள் அந்தத் தேதிக்கு முன்பா பின்பா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓரிரு மாதம் குறைந்தால் யுகேஜியில் இன்னொரு ஆண்டு இருக்கட்டும். பேச்சு இப்போதுதான் கூடி வருகிற பிள்ளைக்கு அந்த ஓராண்டு பெரிய வரம்.

மகள் விஷயம் வேறு மாதிரியானது. அவள் எட்டாம் வகுப்பில் நுழைகிறாள், டாக்டர் என்கிறாள். பன்னிரண்டு வயதில் சொல்வது மாறலாம் என்பார்கள். மாறட்டும், ஆனால் மாறாவிட்டால் வழி திறந்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் நல்ல ஆலோசகர் கொடுத்த காசுக்கு மேல் உழைப்பார், அரைகுறை ஆலோசகர் பிள்ளையைக் கவிழ்த்துவிடுவார்.

நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் ஆங்கிலத்தோடு பன்னிரண்டாம் வகுப்பு அளவில் படித்திருக்க வேண்டும். ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) என்பது சர்வதேசப் பள்ளிகள் நடத்தும் பாடத்திட்டங்களில் ஒன்று. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு இணையான அதன் டிப்ளமோவில் ஆறு பாடம். இரண்டு மொழி, ஒரு சமூக அறிவியல், ஓர் அறிவியல், கணிதம், ஆறாவதாகக் கலை. கலை வேண்டாமென்றால் அந்த இடத்தில் இன்னோர் அறிவியல் எடுக்கலாம். எண்ணிப் பாருங்கள், இரண்டு அறிவியல்தான் வருகிறது. மூன்றாவதை எடுக்க ஐபி அமைப்பிடம் பள்ளி சிறப்பு அனுமதி பெற வேண்டும். இன்ஜினியரிங்குக்கு இந்தச் சிக்கல் இல்லை, இயற்பியலும் வேதியியலும் கணிதமும் அந்த ஆறுக்குள் அடங்கிவிடும். மருத்துவத்துக்குத்தான் இடிக்கிறது. சர்வதேசப் பள்ளிகளின் இன்னொரு பாடத்திட்டமான கேம்பிரிட்ஜில், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான ஏ லெவலில் மூன்று அறிவியலையும் தடையில்லாமல் எடுக்கலாம். அங்கே மறக்காமல் கேட்க வேண்டியது ஆங்கிலம் ஒரு பாடமாக இருக்குமா என்பது. நான் பார்த்த ஒரு குடும்பம் இதைப் பதினொன்றாம் வகுப்பின் நடுவில் தெரிந்துகொண்டது. அந்தப் பெண் ஓராண்டை இழந்தாள்.

நீட் பாடத்திட்டம் என்சிஇஆர்டி புத்தகங்களை ஒட்டியது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஐபி கற்றுக்கொடுக்கும் முறை வேறு. 4,000 சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்வார்கள், ஆய்வகத்தில் பிள்ளையே ஒரு கேள்வியை எழுப்பி விடை தேட வேண்டும். எனக்கு அந்தக் கல்வியின் மேல் நிறைய மரியாதை உண்டு. ஆனால் அதையும் முழு நீட் தயாரிப்பையும் ஒரே பிள்ளையின் தோளில் ஏற்றுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்தியாவில்தான் மருத்துவம் என்று மகள் உறுதியாக இருந்தால், பத்து வரை கேம்பிரிட்ஜ், பிறகு சிபிஎஸ்இ என்று போகலாம். முதலிலிருந்தே நல்ல சிபிஎஸ்இ பள்ளியிலும் சேர்க்கலாம். இரண்டாவதுதான் என் விருப்பம். சர்வதேசப் பள்ளி தேடுகிறவருக்கு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

பத்துக்குப் பிறகு மாறுவதென்றால் தேதி முக்கியம். கேம்பிரிட்ஜின் பத்தாம் வகுப்புத் தேர்வான ஐஜிசிஎஸ்இயை ஜூன் பருவத்தில் எழுதினால் முடிவு ஆகஸ்டில்தான் வரும், அதற்குள் இங்கே பதினொன்றாம் வகுப்பு தொடங்கிச் சில மாதங்கள் ஆகியிருக்கும். இந்தியப் பள்ளிகளுக்கென்று மார்ச் பருவம் ஒன்று உண்டு, அதன் முடிவு மே மாதம் வந்துவிடும். எந்தப் பருவத்தில் எழுத வைக்கிறீர்கள் என்று சேர்க்கை நாளிலேயே கேட்டு வையுங்கள்.

இன்னொன்று. மாநில எல்லையைத் தாண்டி வரும் தமிழ்க் குடும்பங்களிடம் ஆலோசகர்கள் இதைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. கர்நாடக அரசு ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி இடம் கேட்கப் பொதுவான தகுதி, ஒன்றிலிருந்து பன்னிரண்டுக்குள் குறைந்தது ஏழு ஆண்டுகள் இந்த மாநிலத்தில் படித்திருப்பது. உங்கள் மகள் எட்டில் சேர்ந்தால் பன்னிரண்டு முடியும்போது ஐந்து ஆண்டுதான் ஆகியிருக்கும். பெற்றோரைப் பொறுத்த வேறு சில விதிகள் இருக்கின்றன, ஆனால் அவை எல்லோருக்கும் பொருந்தாது. தமிழ்நாட்டுப் பக்கம், இங்கே படித்துவிட்டு அங்கே ஒதுக்கீடு கேட்க நேட்டிவிட்டி சான்றிதழ் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளில் 85 விழுக்காடு இடங்கள் மாநில ஒதுக்கீட்டில்தான் இருக்கின்றன என்பதை நினைத்தால் இதன் கனம் தெரியும். ஆகவே கோயம்புத்தூரை விட்டுக் கிளம்பும் முன் ரேஷன் கார்டு, உங்கள் இருவரின் பள்ளிச் சான்றிதழ்கள், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். வேறு மாநிலத்துக்குப் போகும் டிசியில் கல்வி அதிகாரியின் மேலொப்பம் வேண்டுமா என்று கேளுங்கள், வேண்டுமென்றால் அதையும் முடித்துக்கொண்டு வாருங்கள். மகனுக்கு இந்தக் கவலை இல்லை, அவன் ஒன்றாம் வகுப்பிலிருந்தே இங்கே படிக்கப்போகிறான்.

பள்ளிப் பெயரில் 'இன்டர்நேஷனல்' என்று இருப்பதால் எதுவும் ஆகிவிடாது. அந்தச் சொல்லை யாரும் சூட்டிக்கொள்ளலாம், அப்படிச் சூட்டிய சிபிஎஸ்இ பள்ளிகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஐபி அமைப்பின் இணையதளத்தில் பள்ளியின் பெயரைத் தேடினால், அது அங்கீகாரம் பெற்றதா, தொடக்கநிலைக்கா நடுநிலைக்கா டிப்ளமோவுக்கா என்று தனித்தனியாகக் காட்டும். கேம்பிரிட்ஜுக்கும் அப்படியே தேடலாம். ஐந்து நிமிட வேலை, இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

அடுத்தது தூரம். இந்த ஊரைத் தெரியாதவர்கள் வரைபடத்தில் கிலோமீட்டரைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். சர்வதேசப் பள்ளிகளில் ஸ்டோன்ஹில் விமான நிலையம் பக்கம் இருக்கிறது, கனடியன் இன்டர்நேஷனல் எலஹங்காவில். ஒயிட்ஃபீல்டில் குடியிருந்துகொண்டு அந்தப் பக்கம் அனுப்பினால், காலையும் மாலையும் ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போவது சாதாரணம். டிஐஎஸ்பி, இன்வென்ச்சர், இண்டஸ் போன்றவை ஒயிட்ஃபீல்டு – சர்ஜாபூர் பக்கம் இருப்பதால் உங்களுக்கு அருகில். இவற்றில் எது நல்லது என்று நான் சொல்லப்போவதில்லை, உங்கள் பிள்ளைகளை நான் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். வீடு பார்க்க வரும்போது ஒரு வேலைநாள் காலை ஆறே முக்காலுக்கு, நீங்கள் எடுக்க நினைக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் போய் நில்லுங்கள். வரிசையாகப் பள்ளிப் பஸ்கள் வரும். சீருடையோடு நிற்கும் பிள்ளைகளின் அம்மாக்களோடு பேசுங்கள், பாதிப் பேர் தமிழ் பேசுவார்கள். எந்தப் பள்ளி, எத்தனை மணிக்குத் திரும்புகிறான், இந்த ஆண்டு எத்தனை ஆசிரியர்கள் மாறினார்கள், கட்டணம் எவ்வளவு ஏறியது என்று கேளுங்கள். சாயங்காலம் நான்கரைக்கு அதே வாசலில் மறுபடி நின்று, இறங்கி வரும் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். எந்த ஆலோசகரும் தராத அறிக்கை அது.

கட்டணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலாண்டுத் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு ஏறினால் 6 இலட்சம் பத்தாண்டில் 15.5 இலட்சத்தைத் தாண்டும், உங்கள் மகனுக்குப் பன்னிரண்டு ஆண்டுப் படிப்பு பாக்கி இருக்கிறது. கடந்த மூன்று ஆண்டுகளின் கட்டண அட்டவணையைக் கேளுங்கள். சேர்க்கைக் கட்டணத்தில் எது திரும்பி வரும், எது வராது, ஆண்டின் நடுவில் வேலை மாறிப் போனால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

பிறகு அந்தச் சந்திப்பு. இன்டர்வியூ என்று சொல்ல மாட்டார்கள், இன்டராக்‌ஷன் என்பார்கள். ஆலோசகர்கள் பலர் இதற்குத்தான் பயிற்சி கொடுத்துக் காசு வாங்குகிறார்கள், பிள்ளைகளைக் கெடுப்பதும் இங்கேதான். மதுரையிலிருந்து வந்த ஒரு பெண் குழந்தையைச் சொல்கிறேன். ஆறாம் வகுப்புக்கு வந்திருந்தாள். 'தமிழ் ஒரு சொல்லும் வரக்கூடாது' என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். உனக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டதும், மனப்பாடம் செய்த ஆங்கில வரி இரண்டைச் சொன்னாள், மூன்றாவது வரவில்லை. கண் கலங்கிவிட்டது. அறையில் இருந்த கணித ஆசிரியர் கர்நாடகத்துக்காரர், அவர்தான் சாக்பீஸை அவள் கையில் கொடுத்து, வீட்டில் காலையில் யார் கோலம் போடுவார்கள் என்று கேட்டார். அவள் கரும்பலகைக்குப் போனாள். பதினைந்து புள்ளி, இடுக்குப் புள்ளி, எட்டு வரை. நடுவில் பதினைந்து வைத்து, மேலும் கீழும் பதினான்கு, பதிமூன்று என்று இறக்கிக்கொண்டு வந்தாள். கை நடுங்கவில்லை. மொத்தம் எத்தனை புள்ளி என்று ஆசிரியர் கேட்டார். கொஞ்சம் யோசித்து, மேல்பாதியைக் கூட்டினால் எழுபத்தேழு, கீழ்பாதியும் அதே, நடு வரிசை பதினைந்து, ஆக நூற்றி அறுபத்தொன்பது என்று தமிழிலேயே சொன்னாள். ஆசிரியர், பதிமூன்றைப் பதிமூன்றால் பெருக்கு என்றார். பெருக்கிவிட்டு அவள் கரும்பலகையைத் திரும்பிப் பார்த்த பார்வை என் கண்ணிலேயே நிற்கிறது. அன்று மாலையே அவளுக்குக் கடிதம் அனுப்பினோம்.

உங்கள் மகளுக்குப் பதில்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். சேர்வதற்கு முன் ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார அனுமதிப்பீர்களா என்று பள்ளியைக் கேளுங்கள், பல சர்வதேசப் பள்ளிகள் சம்மதிக்கும். திரும்பி வந்ததும் 'பிடித்ததா' என்று கேட்காமல், மதியச் சாப்பாட்டை யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாள் என்று கேளுங்கள்.

தமிழைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கர்நாடகத்தில் 2015இல் கன்னடக் கற்றல் சட்டம் வந்தது, ஆகவே மகளுக்கும் மகனுக்கும் கன்னடம் எப்படிக் கற்பிக்கப்படும் என்று பள்ளியில் கேளுங்கள். மகிழ்ச்சியோடு கற்கட்டும், இந்த ஊரில் வாழ்கிற பிள்ளைகளுக்கு அது வேண்டும். தமிழுக்குப் பெரும்பாலான பள்ளிகளில் ஆசிரியர் இருக்க மாட்டார். பின்னாளில் ஐபி டிப்ளமோ பக்கம் போனால், ஆசிரியர் இல்லாத தாய்மொழியின் இலக்கியத்தைப் பள்ளியின் மேற்பார்வையில் மாணவரே படித்துத் தேர்வெழுதும் வழி ஒன்று உண்டு. அதற்கு எட்டாம் வகுப்பிலிருந்தே படிப்பு நிற்காமல் இருக்க வேண்டும். அல்சூர் ஏரிக்கரைப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். மகனுக்கு வீட்டில் ஒரு மொழியில் பேச்சு நன்றாக ஊன்றட்டும். தமிழை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று யாராவது சொன்னால், பேச்சுப் பயிற்சியாளரிடம் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

ஆக, 60,000 கொடுப்பதா? மகளுக்கு எந்தப் பாடத்திட்டம், பத்துக்குப் பிறகு எங்கே, எந்த மாநிலத்தின் ஒதுக்கீடு என்பதை உட்கார்ந்து கணக்குப் போட்டுக் கொடுப்பார், கமிஷன் இல்லை என்று கையெழுத்திடுவார், மகனை நேரில் பார்த்துப் பேசுவார் என்றால் கொடுக்கலாம். விண்ணப்பம் நிரப்பவும், பள்ளியைச் சுற்றிக் காட்டவும், சந்திப்புக்குப் பயிற்சி கொடுக்கவும் என்றால் வேண்டாம். அந்த மூன்றில் முதல் இரண்டையும் பள்ளியின் சேர்க்கை அலுவலகமே இலவசமாகச் செய்யும், மூன்றாவது தேவையே இல்லை. தொலைபேசியில் கேட்காமல், நேரில் போய் நேரம் கேளுங்கள். நேரில் வந்து கேட்கிறவர்களுக்கு நாங்கள் எப்போதும் கூடுதல் நேரம் கொடுத்தோம்.

அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பங்களைப் பல பள்ளிகள் செப்டம்பர், அக்டோபரிலேயே வாங்கத் தொடங்கிவிடும். மே மாதம் குடிவந்த பிறகு பார்க்கலாம் என்றிருக்காதீர்கள். மகனின் பேச்சு அறிக்கையையும் மகளின் கடைசி இரண்டு ஆண்டு ரேங்க் கார்டுகளையும் எடுத்துக்கொண்டு தீபாவளி விடுமுறைக்கு முன்பே ஒரு முறை வந்துவிட்டுப் போங்கள், பள்ளி நடக்கிற நாளாகப் பார்த்து.